நெடுந்தூர விமானப் பயணமும் தோல் பாதுகாப்பும்

2021-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து புறப்பட்டு, வட துருவத்தின் மீது பறந்து, இடையில் எங்கும் இறங்காமல் பெங்களூரை வந்தடைந்தது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தொலைவை அது சுமார் 17 மணி நேரத்தில் கடந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் அதனைச் செலுத்திய நால்வரும் பெண்டிர். அச்சாதனையை நாடே பாராட்டியது. எனினும், இத்துணை நீண்ட நேரம் விமானத்தினுள் அமர்ந்திருப்பவரின் தோல் என்ன பாடுபடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அடுகோடியில் எம் தெருவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் முதியோர் சிலர் அயல்நாட்டிலுள்ள மக்களைக் காணச் செல்கின்றனர். என் தமக்கையாரும் அவர்களுள் ஒருவர். முதற் பயணத்தின் முடிவில், அயல்நாட்டு விமான நிலையத்தில் கைரேகை பதிக்கும் கருவி அவருடைய விரல்களை மும்முறை ஏற்க மறுத்தது. முதுமையால் ஏற்கெனவே தேய்ந்திருந்த ரேகைகள், விரல்நுனிகள் உலர்ந்து போனமையால் பதியவேயில்லை. மொழியும் தெரியாது, காரணமும் புரியாது, வரிசையில் தனியே நிறுத்தப்பட்ட அம்மூதாட்டி அடைந்த அச்சத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

இவ்வுலர்ச்சிக்குக் காரணம் விமானத்தினுள் நிலவும் காற்றேயாகும். 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 50 பாகை சென்டிகிரேடாக இருக்கும். அத்தகைய குளிர்காற்றில் நீராவி அநேகமாக இல்லை எனலாம். அதனை அழுத்திச் சூடாக்கியே உள்ளே செலுத்துகின்றனர். அக்காற்று மட்டுமே உள்ளே இருப்பின், அதன் ஈரப்பதம் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது. உண்மையில் அது 10 முதல் 20 பங்கு வரை இருப்பதற்குப் பயணிகளின் மூச்சும் வியர்வையுமே பெரிதும் காரணம். இருக்கைகள் யாவும் நிறைந்த விமானத்தில் அமர்ந்து சலித்துக் கொள்வோர்க்கு இஃது ஒரு சிறு ஆறுதல்! நீராவியை மிகுதியாகச் சேர்த்தால் அது குளிர்ந்த உலோகச் சுவரில் நீர்த்துளியாகப் படிந்து துருவுக்கு வழிகோலும். ஆகவே பொறியியலார் அதற்குத் தயங்குகின்றனர்.

தோலின் மேற்புறத்தே, இறந்த செல்களாலான மெல்லிய படலம் ஒன்று உள்ளது. அதில் தங்கும் நீரே தோலை மிருதுவாக வைக்கிறது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் இதனைத் தெளிவுறக் காட்டினார். உலர்ந்து விறைத்த தோல் துண்டை எண்ணெயில் ஊறவைத்தபோது அது மிருதுவாகவில்லை; நீரில் இட்டபோதே வளைந்து கொடுத்தது. எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதன்று. இருக்கும் ஈரம் ஓடிவிடாமல் தடுக்கும் மூடியே அது.

ஆகவே முதலில் நீர், பின்னரே எண்ணெய். நம் எண்ணெய்க் குளியலில் இம்முறை தலைகீழாகிறது: எண்ணெயைத் தேய்த்துச் சீயக்காயால் போக்கிவிடுகிறோம். வாரம் ஒருமுறை அது நன்றே. பயண நாளுக்கு உதவாது. அன்று வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, உடலை ஒற்றித் துடைத்து, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயையோ வாசலைனையோ மெல்லப் பூசுதல் வேண்டும். விமானத்திலும் கை கழுவியவுடன் இவ்வாறே செய்க. ஆல்கஹால் கலந்த கைத்தூய்மைத் திரவம் தோலின் இயற்கை நெய்ப்பசையை நீக்குமாதலால், அதன் பின்னும் பூச்சு தேவை. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். சிறிய டப்பியில் அடைத்த வாசலைனே எளிது. அயல்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கைப்பையிலுள்ள ஒவ்வொரு திரவக் கலமும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்னும் விதி இதற்கும் பொருந்தும்.

முகத்தில் நீரைத் தெளித்துக் கொள்வதால் பயனில்லை. அது சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். குடம் குடமாக நீர் பருகுவதும் தோலைக் காவாது. வறண்ட காற்று கண்ணையும் மூக்கையும் தோலையும் உறுத்துமேயன்றி, உடலின் நீர் முழுவதையும் வற்றச் செய்வதில்லை. தாகத்திற்கு ஏற்பப் பருகுதல் போதும். உதட்டை நாவால் நனைப்பது வெடிப்பை மிகுவிக்கும். கண்ணில் வில்லை அணிவோர் பயணத்தில் மூக்குக்கண்ணாடிக்கு மாறுவது நலம்.

சன்னலோரத்தில் அமர்வோர்க்கு மற்றொன்று. விமானத்தின் சன்னல் புற ஊதாக் கதிர்களுள் ஒரு வகையைத் தடுத்துவிடுகிறது. நீண்ட அலைநீளமுள்ள மற்றொரு வகை ஓரளவு ஊடுருவக்கூடும். உயரே செல்லச் செல்ல அக்கதிர்களின் வலிமையும் கூடும். வெயில் முகத்தில் படுமாயின் திரையை இறக்கிவிடுக.

பயணத்திற்குப் பின் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், அதனைத் தோலின் கோளாறு எனக் கருதிப் பூச்சு தடவலாகாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவரை நாட வேண்டும்.

என் தமக்கையார் இரண்டாம் முறை சென்றபோது, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு விரல்களை நீரில் நனைத்து வாசலைன் பூசி, கருவியருகே சென்றதும் கைக்குட்டையால் நன்கு துடைத்துக்கொண்டார். கருவி முதல் தடவையிலேயே ரேகையை ஏற்றுக்கொண்டது.