துப்பாக்கி தீர்ப்புச் சொல்லலாமா?

2024-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி வெளிவந்த 'வேட்டையன்' என்னும் படம் கன்னியாகுமரி ஜில்லாவையும் கதைக்களமாகக் கொண்டது. ஆகவே குமரிமுனையை அடுத்த கொட்டாரத்தில் வசிப்போருக்கு அது அயலூர்க் கதையன்று. படம் வெளிவருமுன்னரே, அதன் முன்னோட்டத்தில் என்கவுன்டரைப் புகழும் வசனங்கள் இருப்பதாக மதுரை ஹைக்கோர்ட் கிளையில் வழக்கும் தொடுக்கப்பட்டது.

ஒரு ரௌடி சுடப்பட்டான் என்றால் ஜனங்கள் மகிழ்கிறார்கள். வழக்குகள் வருஷக்கணக்கில் இழுபடுகின்றன, சாட்சிகள் பல்டியடிக்கிறார்கள், பணமுள்ளவன் தப்புகிறான். இவற்றைக் கண்டு பிறக்கும் கோபம் நியாயமானதே. அதை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் அக்கோபம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அப்படமே காட்டுகிறது. பள்ளி ஆசிரியை ஒருத்தி கொலையுண்கிறாள், ஊர் கொதிக்கிறது, ரஜினிகாந்த் நடிக்கும் போலீஸ் அதிகாரி அதியன் ஓர் இளைஞனைச் சுட்டுக் கொல்கிறான். பின்னர் அவ்விளைஞன் நிரபராதி என்று தெரிகிறது. முதலில் கைதட்டியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இது வெறுங் கற்பனையன்று. 2019 டிசம்பர் 6-ந் தேதி ஹைதராபாத் அருகே, ஒரு கற்பழிப்புக் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். ஜனங்கள் போலீசார்மீது பூமாரி பொழிந்தனர். சுப்ரீம் கோர்ட் நியமித்த சிர்புர்க்கர் கமிஷனோ, கொல்லும் எண்ணத்துடனேயே போலீசார் சுட்டனர் என்றும், மாண்டவருள் மூவர் வயது வராதவர் என்றும், 10 போலீசார்மீது கொலை வழக்கு நடத்த வேண்டுமென்றும் 2022-ல் வெளியான அறிக்கையில் கூறிற்று. தூவிய பூவைத் திரும்பப் பொறுக்க இயலுமா?

இத்தகைய மரணங்களை வேறு போலீஸ் நிலையத்தாரோ சி.ஐ.டி.யினரோ புலன் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும், சுட்டவர்களுக்கு உடனே பதக்கமோ பதவி உயர்வோ அளிக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2014-லேயே விதித்திருக்கிறது. அவ்விதிகள் ஏட்டளவில் நின்றால் பயன் என்ன?

முறையான விசாரணையின்றி மனிதரைச் சிறையிலிட வழி செய்த ரௌலட் சட்டத்தை 1919-ல் எதிர்த்தெழுந்த தேசம் இது. அத்தேசமே இன்று விசாரணையின்றிக் கொல்வதைக் கொண்டாடுவது எவ்வளவு வெட்கக்கேடு! நியாயஸ்தலங்களில் போதிய நீதிபதிகளை நியமிக்கவும், சாட்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கவும், புலன் விசாரணையைச் சீர்திருத்தவும் சர்க்காரை வற்புறுத்துவோம். ஜனங்களின் கோபம் அவ்வழியில் திரும்புவதாக. தவறான தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. துப்பாக்கிக் குண்டுக்கு அப்பீல் இல்லை.