தாரா சிங்கும் இருநூறு கிலோ கிங்காங்கும்

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்று நின்ற காட்சியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்ற பட்டத்தைப் பெருமையோடு தாங்கினான். கடற்கரையில் ஓர் ஊரே அப்பெயரால் இன்றும் வழங்குகிறது. ஆயினும் நம் மாணவ நண்பர்களிடம் மல்யுத்தம் என்று சொல்லிப் பாருங்கள். புலவரும் நினைவுக்கு வரமாட்டார், வேந்தனும் வரமாட்டான். பள்ளிப் பருவத்தில் பெட்டிக்கடையில் வாங்கி, மதிய இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து ஆடிய டிரம்ப் கார்டுகள்தாம் வரும். அவற்றுள் முகமூடி அணிந்த குள்ளமான வீரர் ஒருவர் இருப்பார். ஆம், ரே மிஸ்டீரியோ! உயரமென்று கேட்டாலும் எடையென்று கேட்டாலும் அந்த அட்டை தோற்றுவிடும். ஆனாலும் அதை இழக்க யாருக்கும் மனம் வராது. அந்த முகமூடியின் கவர்ச்சி அப்படி.

ரே மிஸ்டீரியோ அமெரிக்காவில் பிறந்தவரே எனினும், மெக்சிகோ வம்சாவளியினர். முகமூடி மல்லர்களின் தாயகம் மெக்சிகோதான். அங்கே 1933-இல் சால்வடோர் லுட்டெரோத் என்பவர் மற்போர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய பிறகு அந்தக் கலை நாடெங்கும் பரவிற்று. அதன் ஒப்பற்ற நாயகர் ‘எல் சாண்டோ’. புனிதர் என்பது அதன் பொருள். இயற்பெயர் ரோடோல்போ குஸ்மான் உவெர்த்தா. 1917-இல் பிறந்த இவர், 1942-இல் வெள்ளி நிற முகமூடியோடு மேடையேறினார். அதன்பின் பொதுமக்கள் முன்னிலையில் அதைக் கழற்றவே இல்லை. அவரைத் தலைவனாக வைத்துப் படக்கதைகள் வந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் வந்தன. மெக்சிகோவில் முகமூடியையே பணயம் வைத்து மோதுவதும் உண்டு. தோற்றவர் மேடையிலேயே அதைக் கழற்றிவிட வேண்டும். சாண்டோ அப்படித் தோற்றதில்லை. 1982-இல் ஓய்வு பெற்றவர், 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைச் சற்றே உயர்த்தி முகத்தில் ஒரு பகுதியைக் காட்டினார். பிப்ரவரி 5-இல் மறைந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

இவருக்கு நிகராக நம் நாட்டில் யார் என்று கேட்டால், முகமூடியே அணியாத ஒருவரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் தாரா சிங்.

பஞ்சாபில் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் என்னும் சிற்றூரில் 1928 நவம்பர் 19-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாடு விடுதலை பெற்ற 1947-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றார். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை. ஓய்வு நேரத்தில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மல்யுத்தப் பயிற்சி. ஆறடிக்கு மேல் உயரம், ஏறத்தாழ 130 கிலோ எடை. அந்த உடம்பே அவருக்கு முதலாயிற்று. தர்லோக் சிங்கை வென்று மலேயாவின் சாம்பியன் ஆனார். தாயகம் திரும்பி 1954-இல் ‘ருஸ்தம்-இ-ஹிந்த்’ பட்டம் பெற்றார். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன் ஆனார். (இந்தக் கோர்டியென்கோ கனடா நாட்டுக்காரர், மற்போரோடு ஓவியத்திலும் பெயர் பெற்றவர். காதைத் திருகிய கையே தூரிகையையும் பிடித்தது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.)

ஆனால் தாரா சிங் என்றதும் மூத்தவர்கள் சொல்வது பட்டங்களையல்ல. கிங்காங்கை அவர் தூக்கிச் சுழற்றி எறிந்த கதையைத்தான். ‘கிங்காங்’ என்று விளம்பரப்படுத்தப்பட்டவர் எமில் சாயா என்ற ஹங்கேரிய மல்லர். எடை 200 கிலோ என்று சுவரொட்டிகள் முழங்கின. இருநூறு கிலோ மனிதனை ஒருவர் தலைக்கு மேல் தூக்க இயலுமா? மெய்யா, பொய்யா?

இக்கேள்வியை நான் முதலில் கேட்டது என் தந்தையாரிடம். எங்கள் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்த ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டிக் கட்டிச் சுமப்பது அவர் தொழில். கல்லூரி வாசற்படியை மிதித்தவர் எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் இல்லை. ஆனால் பாரம் என்றால் என்ன என்பதை அவரளவு அறிந்தவர் எங்கள் இயற்பியல் துறையிலும் இருக்கமாட்டார் என்று, ஆசிரியர்கள் பொறுத்தருளும்படி, சொல்லிக்கொள்கிறேன்.

“கட்டை ஒருத்தனா தலைக்கு ஏத்த முடியுமாடா? எதிராள் ஒரு கை குடுக்கணும். தூக்குறவனுக்கு எவ்ளோ பலம் வேணுமோ, கை குடுக்கறவனுக்கும் அவ்ளோ பக்குவம் வேணும்” என்றார்.

“மல்யுத்தத்துல கை குடுக்கறது யாருப்பா?”

“அந்தக் குண்டன்தான்!”

இந்த விடையைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். பளு தூக்கும் போட்டியில் ஜார்ஜியா நாட்டு லாஷா தலகாட்ஸே 2021-இல் 267 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தி உலகச் சாதனை படைத்தார். ஆகவே இருநூறு கிலோ என்பது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. ஆனால் இரும்புத் தண்டு வேறு, மனிதன் வேறு. தண்டின் புவியீர்ப்பு மையம் பிடிக்கும் கைகளுக்கு நேர் நடுவில் அசையாமல் இருக்கும். மனித உடம்போ நெளியும், தொங்கும். தூக்க விரும்பாத குழந்தை உடம்பைத் தளர்த்திக்கொண்டால் தாய்க்கே கனக்கிறதல்லவா? எதிர்க்கும் ஒருவர் இருநூறு கிலோ எடையோடு அப்படித் தளர்ந்துவிட்டால் எந்தத் தாரா சிங்கும் அசைக்க முடியாது. அவரே இசைந்தால் கதை மாறுகிறது. அவருடைய மையத்தை 90 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 1,760 ஜூல். தூக்கும் அந்த நொடியில் அவர் தம் கால்களால் ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர், எழும்பினால் அதில் 390 ஜூல் அவருடைய செலவு. மேலும் எல்லாவற்றையும்விடக் கடினமானது முதல் அசைவுதான். அதை அவரே தந்துவிடுகிறார். பிறகு ஒரு கையைத் தூக்குபவரின் தோளில் ஊன்றி, உடம்பை விறைப்பாக்கி, தம் பாரம் தூக்குபவரின் பாதங்களுக்கு நேர் மேலே விழும்படி வைத்துக்கொள்கிறார். எஞ்சியது முழுவதும் தூக்குபவரின் சொந்த வலிமை. அதுவும் சாதாரணமானதன்று.

விழுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடம்பு தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகம் கொண்டிருக்கும். சிமெண்டுத் தரையில் அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் தாக்கும் விசை 60,000 நியூட்டன். மேடைப் பலகை வளைந்து கொடுத்து அந்த நேரத்தை ஐந்து மடங்கு நீட்டினால் விசை 12,000 ஆகக் குறையும். மேடை அடியில் ஓசை கிளம்பும்படி பலகை வைத்திருப்பது வெறும் ஆரவாரத்துக்கு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். மல்லர் முதுகு முழுவதும் ஒரே கணத்தில் தரையில் படும்படி விழுகிறார். கைகளை அகல விரித்து அறைகிறார். முகவாயை மார்போடு ஒட்டித் தலையைக் காக்கிறார். உத்தேசக் கணக்கே ஆயினும், 12,000 நியூட்டன் என்பது பஞ்சு மெத்தையன்று. நாள்தோறும் அப்படி விழுவது ஒருவருடைய பிழைப்பு என்றால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

முடிவை முன்னரே பேசிவைக்கும் வழக்கம் ஏன் வந்தது? மெய்ப்போர் பெரும்பாலும் பார்க்கச் சலிப்பானது. காரணங்களுள் இது முதன்மையானது. 1910 செப்டம்பரில் நம் மாவீரர் காமா, லண்டனில் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ தரையில் குப்புறப் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் படுத்தே கிடந்தார்! கட்டணம் செலுத்தி வந்தவர்கள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிவின்றி நின்றது. மறுவாரம் ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்திவிட்டார். இதுவும் பார்வையாளருக்கு நட்டமே. ஒன்று மூன்று மணி நேரம், அல்லது மூன்று மூச்சு. இப்படியிருந்தால் எந்த அமைப்பாளர் அரங்கை வாடகைக்கு எடுப்பார்? ஆகவே தொழில்முறை மல்யுத்தம் உலகெங்கும் கூத்தின் இலக்கணத்தைக் கைக்கொண்டது. வெகுகாலம் இதை வாய்திறந்து யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுக்கு உரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது கேளிக்கையே என்று பெரிய நிறுவனம் ஒன்றே சொல்லிவிட்டது.

இந்த வெளிச்சத்தில் தாரா சிங்கின் பட்டங்களைப் பார்க்க வேண்டும். 1968 மே 29-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று அவர் உலகச் சாம்பியன் ஆனார் என்பது எல்லா நூல்களிலும் காணப்படும் செய்தி. தெஸ் மாபெரும் மல்லர், ஐயமில்லை. ஆனால் அன்று அவருக்கு வயது 52. அமெரிக்காவின் புகழ்பெற்ற உலகப் பட்டத்தை அவர் 1966 ஜனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். உலகப் பட்டங்கள் அக்காலத்தில் பலவாக இருந்தன. அதுபோலவே சுமார் 500 போட்டிகளில் தாரா சிங் தோல்வியே கண்டதில்லை என்பார்கள். இதை நான் வலிமைக் கணக்காகக் கொள்ளவில்லை. நம்பிக்கைக் கணக்காகக் கொள்கிறேன். இந்த மனிதர் தோற்பதைக் காண ஊர் விரும்பாது என்று அமைப்பாளர்கள் உறுதியாக நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை முப்பது ஆண்டுகள் காப்பாற்றுவது எளிதா? சாண்டோ முகத்தை மறைத்துக் காப்பாற்றினார். தாரா சிங் முகத்தைக் காட்டியே காப்பாற்றினார்.

இன்னொரு பக்கம் உண்டு. எல்லாரும் வெல்பவரையே பாடினால் தோற்பவரின் தொழிலை யார் பாடுவது? எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர்க் கூத்து நடக்கும். விடிய விடிய ஆடி, விடிந்தபின் படுகளத்தில் துரியோதனன் மாள்வான். ஆண்டுதோறும் மாள்கிறான், அவன் மாள்வான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆயினும் துரியோதனன் வேடத்துக்கு ஊரில் தனி மதிப்பு. புஜக்கட்டையும் கிரீடமும் சுமந்து அவன் கம்பீரமாக ஆடாவிட்டால் பீமனுடைய வெற்றிக்கு ஏது பெருமை? கிங்காங் அத்தகைய துரியோதனன். சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பல போட்டிகளை வென்ற பெரிய மல்லர் அவர். தம்மைத் தூக்கி எறிய விட்டதனால் மற்றொருவரைக் காவிய நாயகராக்கினார். 1970-இல் சாலை விபத்தொன்றில் காயமுற்றுச் சிங்கப்பூரில் இறந்தார்.

முடிவு பேசிவைக்கப்பட்டது, ஆபத்து பேசிவைக்கப்பட்டதன்று. நம் டிரம்ப் கார்டு நாயகர் ரே மிஸ்டீரியோ கலந்துகொண்ட போட்டியொன்று 2015 மார்ச்சில் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் நடந்தது. எதிரணியில் பெர்ரோ அகுவாயோவின் மகன், வயது 35. வழக்கமான ஓர் உதை, கயிற்றின்மேல் வழக்கமான ஒரு சாய்வு. கழுத்தெலும்பு முறிந்து அவர் அப்படியே தொங்கினார். அது நடிப்பல்ல என்று மேடையில் இருந்தவர்களுக்கே உடனே புரியவில்லை. அன்றிரவே உயிர் பிரிந்தது.

தாரா சிங் நல்வாய்ப்புடையவர். மேடையில் இருந்தபோதே திரைக்கும் சென்றார். 1962-இல் ‘கிங்காங்’ என்ற பெயரிலேயே இந்திப் படமொன்றில் நடித்தார். மும்தாஜோடு பல படங்களில் சேர்ந்து நடித்தார். 1983-இல் தில்லியில் மல்யுத்தத்திலிருந்து விடைபெற்றார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். விளையாட்டு வீரர் ஒருவருக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதன்முறை. 2012 ஜூலை 12-இல் மும்பையில் காலமானார்.

இவற்றுக்கிடையே 1987-இல் ஒன்று நடந்தது. தொலைக்காட்சியில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியது. அறுபதை நெருங்கிய தாரா சிங் அனுமனாக வந்தார். முகத்தைக் காட்டியே பிழைத்தவருக்கு முகத்தை மறைக்கும் வேடம்! வாய்ப்பகுதியில் ஒட்டு, தலையில் மகுடம், கையில் கதை. கண்களும் தோள்களும் மட்டுமே அவருடையவை. இந்தி தெரியாத எங்கள் ஊரிலும் ஞாயிறு காலையில் பெட்டி இருந்த வீட்டு வாசலில் கூட்டம் நின்றதாம். அண்மையில் எங்கள் தெருப் பாட்டி ஒருவரிடம், “தாரா சிங்குன்னு ஒரு பயில்வான், தெரியுமா ஆயா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“சஞ்சீவி மலையைத் தூக்கினு வந்தாரே, அவருதானே?”