புலியின் வெற்றிடம்

ஆனைமலைக் காட்டிலும் சத்தியமங்கலத்துக் காட்டிலும் புலிகள் இன்னும் உலவ, மலையடிவாரத்துப் பட்டிகளில் அந்தி சாய்ந்ததும் ஆடுகள் அடைபடுகின்ற கொங்கு நாட்டில், ஆடுபுலி ஆட்டத்தின் நியாயத்தை எவருக்கும் விஸ்தாரமாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. தமிழகமெங்கும் திண்ணைகளிலும் கோயில் மண்டபத் தரைகளிலும் கோடு கிழித்து ஆடப்பெறும் இதில், 23 புள்ளிகள் கொண்ட களத்தில் ஒருவர் 3 புலிகளையும் மற்றவர் 15 ஆடுகளையும் கைக்கொள்வர். புலி, தன்னையொட்டி நிற்கும் ஆட்டுக்கு அப்பால் நேர்கோட்டில் இடம் காலியாக இருந்தால் தாவி வெட்டும். ஆடோ, வெட்டும் சக்தியற்றதாயினும், தன் இனத்தோடு அணிவகுத்துப் புலிகளை அசையவொட்டாமல் மறித்துவிட்டால் ஜயம் அதன் பட்சம்.

சதுரங்கத்தில் இரு சேனைகளும் சமம். இங்கே தொடக்கத்திலேயே பேதம். ஆகவே எந்தக் காயை எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே ஆட்டத்தின் சிரமம் நிர்ணயமாகிவிடுகிறது. புலியை ஆடுகிறவருக்கு அந்தந்தக் கணத்துக் கூர்மை போதும். ஆட்டை ஆடுகிறவருக்கோ, முதற்காயை வைக்கும்போதே கடைசிக் காய் நிற்கப்போகும் இடம் மனத்தில் தோன்றவேண்டும். புதிதாகக் கற்பவர் கையில் புலியைக் கொடுப்பதே என் அபிப்பிராயத்தில் முறை.

இதற்கு உறவான நேபாளத்துப் பாக்சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். ஓர் ஆடும் வெட்டுப்படாமல் அனைத்தும் களத்தில் இறங்கிவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரேயொரு வெற்றிடம். நம் களத்திலோ ஐந்து. புள்ளிகள் இரண்டு கூடியும் புலிக்கு மூச்சுவிட இடம் குறைந்துவிட்டது! களத்தின் விஸ்தீரணத்தை அளப்பவர், காய்கள் போக மிஞ்சும் வெளியையே அளக்கவேண்டும்.

ஆட்டத்தின் சிரமமும் களத்தின் அளவும் கணினியிலும் இப்படியே முன்நிற்கின்றன. ஆட்ட வடிவமைப்பாளர் ஸிட் மையர் 1991ல் தொடங்கிவைத்த, சாம்ராஜ்யம் கட்டியெழுப்பும் ‘சிவிலைசேஷன்’ வரிசைக் கணினி ஆட்டங்கள், கடின நிலை எது, நிலப்படத்தின் அளவு எது என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகின்றன. 2016ல் வெளிவந்த ஆறாம் ஆட்டத்தில் ‘செட்லர்’ முதல் ‘டெய்ட்டி’ வரை 8 நிலைகள்; படம் 44க்கு 26 கட்டங்களில் தொடங்கி 106க்கு 66 கட்டங்கள் வரை விரியும். நிலை உயர உயர, எதிராடும் இயந்திரத்தின் புத்தி தீட்சண்யமடைவதாகப் பலர் எண்ணுகின்றனர். அதன் புத்தி இருந்தபடியே இருக்க, சலுகைகளே பெருகுகின்றன: டெய்ட்டியில் நாம் நகரம் நிறுவும் ஒரு குடியேறியோடு புறப்படும்போது இயந்திரம் மூவரோடு புறப்படுகிறது, அதன் படைக்கும் பலம் கூடுதல். அதாவது, புலியாயிருந்த நாம் ஆடாகிவிடுகிறோம்.

சிறிய படம் எளிது என்பதும் ஒரு மயக்கமே. சிற்றுலகில் அண்டை அரசன் வெகு சீக்கிரம் வாசலுக்கு வந்துவிடுவதால், அவனுடைய உபரிச் சேனையின் வேகம் முழுவதும் நம்மீதே பாய்கிறது. பேருலகிலோ தவறிவிட்டு எழுந்து நிற்க அவகாசமுண்டு. ஆனால் நகரங்கள் பெருகிய பிற்பாடு ஒவ்வொரு முறையும் அத்தனையையும் பராமரிப்பது அலுப்பூட்டும் உத்தியோகமாகிவிடும். சனிக்கிழமை இரவு உற்சாகமாகத் தொடங்கி, திங்கட்கிழமை வகுப்புக்கோ மில்லுக்கோ போனபின் எவரும் திரும்பிப் பாராத சாம்ராஜ்யங்கள் கோவையில் எத்தனையோ!

ஆதலால் சலுகை ஏதுமில்லாத ‘பிரின்ஸ்’ நிலையில், மிகச் சிறிதுமின்றி மிகப் பெரிதுமின்றி 74க்கு 46 கட்டங்களுள்ள ‘ஸ்மால்’ படத்தில் தொடங்குவது உசிதம். வென்றபின் நிலையையும் படத்தையும் ஒருசேர மாற்றினால், தோற்றது எதனால் என்பது விளங்காது. படத்தை அப்படியே வைத்துக்கொண்டு முதலில் நிலையையே உயர்த்துக.