கருவிழியைக் கூம்பாக்கும் நோய்: காப்பீட்டுக்கு வெளியே நிற்கும் பரிசோதனை

புதுதில்லி: கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் எல்லையை ஒட்டி வாழும் தமிழர்களில் பலர், சிறப்புக் கண் சிகிச்சைக்குத் தமிழகத்தையே நாடுகின்றனர். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதியினருக்கு வாளையாறு தாண்டினால் கோவை. தேவிகுளம், உடும்பன்சோலை தோட்டத் தொழிலாளர்களுக்குப் போடிமெட்டு இறங்கினால் தேனி, மதுரை. கண்புரை சில மாதங்கள் பொறுக்கும். பள்ளி வயதில் தொடங்கும் "கெரட்டோகோனஸ்" பொறுப்பதில்லை.

இந்நோயில் கருவிழி மெலிந்து, கூம்பு போல முன்னே துருத்துகிறது. பார்வை மங்கி, உருவங்கள் சிதைந்து தெரிகின்றன. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி 30 வயதைக் கடந்தும் முற்றக்கூடும். நாகபுரி அருகே கிராமங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட 4,667 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு (2009), நூற்றுக்கு 2.3 பேருக்கு இதன் அறிகுறி இருப்பதாகக் கணித்தது.

அழற்சியின் பங்கு

இது அழற்சியற்ற நோய் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. நோயாளிகளின் கண்ணீரில் "இன்டர்லூகின்-6" உள்ளிட்ட அழற்சிப் பொருள்களும், கருவிழியின் கொலாஜன் இழைகளைச் சிதைக்கும் நொதிகளும் மிகுந்திருப்பது 2005 முதல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. பெங்களூரு நாராயணா நேத்ராலயா ஆய்வாளர்களும் 2015-இல் இதை உறுதிப்படுத்தினர். ஒரு நிமிடம் கண்ணைக் கசக்கினாலே ஆரோக்கியமான கண்ணிலும் இப்பொருள்கள் கூடுவதாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது.

மன அழுத்தத்தின்போது சுரக்கும் "கார்டிசால்" இயல்பாக அழற்சியைத் தணிப்பது. அழுத்தம் நீண்டால் உடல் திசுக்கள் அதற்குச் செவிசாய்ப்பது குறைந்து, அழற்சி கட்டுமீறுகிறது. இதுவே கருவிழியை நலிவிக்கிறது என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஒவ்வாமை அரிப்பும் கண்ணைக் கசக்குவதும் நோயை முற்றச் செய்யும் என்பதில் மருத்துவர்களிடையே பரவலான உடன்பாடு உண்டு. அரிப்புக்காகக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி நெடுநாள் இடுவது, கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பறிக்கக்கூடும்.

நிறுத்தலாம், மீட்க முடியாது

ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்கும் "கிராஸ்லிங்க்கிங்" முறை ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவானது. அதன் முதல் சிகிச்சை முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. அது பெரும்பாலோருக்கு நோயை நிறுத்துகிறது. இழந்த பார்வையை முழுமையாக மீட்பதில்லை. முற்றிவிட்டால் கருவிழி மாற்றே வழி. 2015-19 தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு உட்பட்டோரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் கருவிழித் தழும்பு (37.5 சதவீதம்). அவர்களில் பலரும் காத்திருப்பது அதே தானக் கண்களுக்காகத்தான்.

ஆகவே காலத்தே கண்டறிவதே முக்கியம். பள்ளிகளில் எழுத்துப் பலகையைக் கொண்டு பார்வை சோதிக்கப்படுகிறது. அதில் பார்வைக் குறை தெரியும். கருவிழியின் வடிவம் தெரியாது. அதற்கு "டோபோகிராபி" எனும் படம் தேவை.

இடைவெளி இங்கேதான். 2018-இல் தொடங்கிய "ஆயுஷ்மான் பாரத்" காப்பீட்டு அட்டையைப் பிற மாநிலங்களிலும் பயன்படுத்த விதி உண்டு. ஆனால் அத்திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. புறநோயாளியாகச் சென்று எடுக்கும் இந்தப் படத்துக்கான செலவும், மலை இறங்கும் நாளின் கூலி இழப்பும் குடும்பத்தையே சாரும். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், எல்லைப்புற முகாம்களுக்கு இரு மாநில அரசுகளும் மத்திய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் கைகோக்க வேண்டும்.

கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினாலும், கண்ணாடி அணிந்தும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலும், பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்கினாலும் தாமதிக்கலாகாது என்பது பெற்றோருக்கு மருத்துவர்கள் கூறும் எச்சரிக்கை.