ஏரிக்கரையில் ஓர் இரவு: கூடாரம் அமைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடை தணிந்து நவம்பர் மாதம் பிறந்ததும் ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிப்புற வாழ்க்கை மீண்டும் தொடங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் இறுதி வரையிலான காலமே கூடாரத்தில் தங்குவதற்கு ஏற்ற பருவமாகும். வார விடுமுறையில் குடும்பத்துடன் நகரை விட்டுச் சென்று, ஒரு நீர்நிலையின் அருகே இரவைக் கழிக்கத் தமிழ்க் குடியிருப்பாளர்கள் பலரும் விரும்புகின்றனர். அவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளர்ந்தவர்களுக்கு ஏரி என்பது ஊரின் பொதுச்சொத்து. அதில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், மீன் பிடிக்கலாம், கரையில் சமைத்து உண்ணலாம். அமீரகத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. இங்குக் காணப்படும் ஏரிகள் பெரும்பாலும் மனித முயற்சியால் உருவானவை. ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதை நிர்வகிக்கும் அமைப்பும், பயன்பாட்டு விதிகளும் உண்டு. எனவே இடத்தை முடிவு செய்யும் முன் மூன்று செய்திகளை அறிந்துகொள்வது நல்லது: அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அங்கே இரவு தங்க அனுமதி உண்டா, மழை பெய்தால் அவ்விடம் என்ன ஆகும்.

நீர் எங்கிருந்து வருகிறது?

அபுதாபியின் அல் வத்பா ஈரநிலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1980-களின் தொடக்கத்தில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய உபரி நீர் ஒரு தாழ்நிலத்தில் தேங்கி ஏரியாக மாறியது. காலப்போக்கில் பூநாரைகள் அங்கு வந்து தங்கின. 1998-இல் அவை அங்கே குஞ்சு பொரித்தன. அதே ஆண்டு அவ்விடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2013-இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரைகளைக் கண்டவர்களுக்கு அக்காட்சி ஊரை நினைவூட்டும். ஆயினும் அல் வத்பா பார்வையாளர்களுக்குப் பகலில் மட்டுமே உரியது. அங்கே கூடாரம் அமைக்க இயலாது. துபாயின் ராஸ் அல் கோர் வனவிலங்குக் காப்பகத்திற்கும் இது பொருந்தும்.

இத்தகைய வரலாறு பல நீர்நிலைகளுக்கு உண்டு. ஆதலால் நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதைக் குடிக்கவோ, சமைக்கவோ, பாத்திரம் கழுவவோ, குழந்தைகளைக் குளிப்பாட்டவோ பயன்படுத்தலாகாது. சோப்பு கலந்த கழிவுநீரை ஏரியில் ஊற்றுவதும் கூடாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் நீரும், கை கழுவத் தனியாக நீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். நீந்துவதற்கு எல்லா ஏரிகளையும் விலக்கப்பட்டவையாகக் கருதுவதே பாதுகாப்பானது. கரையோரம் ஆழமற்றதாகத் தெரிந்தாலும் அடியில் சேறு இருக்கும், உயிர்காப்பாளர்கள் இருக்கமாட்டார்கள்.

எந்த இடம் யாருக்கு ஏற்றது?

அல் குத்ரா ஏரிகள், துபாய். அல் மர்மூம் பாலைவனக் காப்பகத்திற்குள், பாலைமணலைத் தோண்டி நீர் நிரப்பி உருவாக்கப்பட்ட ஏரிகள் இவை. வாத்துகள், பூநாரைகள், வலசை வரும் பறவைகள் எனப் பலவற்றை இங்கே காணலாம். அதிகாலையில் மான்களும் ஓரிக்ஸ்களும் தென்படுவதுண்டு. சொந்தக் கூடாரமும் வாகனமும் உள்ள குடும்பங்களுக்கு ஏற்ற இடம். கடைகளும் கழிப்பறைகளும் ஏரிக்கரை எங்கும் இருக்குமென எதிர்பார்க்கலாகாது. முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் உடன் வருவதாயின் கழிப்பறை உள்ள பகுதிக்கு அருகிலேயே இடம் பார்ப்பது நலம். கூடாரத்திற்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் தங்குதல் கூடாது. சாலையை விட்டு மென்மணலில் இறங்கும் சாதாரணக் கார்கள் சிக்கிக்கொள்வது வழக்கமாக நிகழ்வது. நான்கு சக்கர இயக்க வாகனம் இல்லாதவர்கள் கெட்டியான தளத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும்.

ஹத்தா. ஹஜர் மலைத்தொடரில் அமைந்த ஹத்தா அணையின் நீர்த்தேக்கம், துடுப்புப் படகுகளுக்குப் பெயர்பெற்றது. துபாய் மின்சார மற்றும் நீர் ஆணையத்தின் 250 மெகாவாட் நீரேற்று மின்திட்டத்திற்கும் இதுவே கீழ்நிலை நீர்த்தேக்கமாகும். ஆகவே அணையின் கரையிலோ, நீர்த்தேக்கத்தின் விளிம்பிலோ கூடாரம் அமைக்கும் எண்ணம் வேண்டாம். கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்யும் தங்குமிடங்கள், கேரவன்கள், குவிமாடக் கூடாரங்கள் ஆகியவை அருகிலேயே உள்ளன. அவை குளிர்காலப் பருவத்தில் இயங்குகின்றன. சொந்தக் கூடாரம் இல்லாதவர்களுக்கும், முதன்முறையாகச் செல்பவர்களுக்கும் இதுவே பொருத்தமானது. வாகனம் இல்லாத குடும்பங்கள், துபாய் மால் பேருந்து நிலையத்திலிருந்து ஹத்தாவுக்குச் செல்லும் விரைவுப் பேருந்தைப் பயன்படுத்தலாம். காரில் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய துபாய்–ஹத்தா சாலை, ஓமன் நாட்டு நிலப்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. அங்கே சோதனைச் சாவடி உண்டு. வரைபடச் செயலி அவ்வழியைக் காட்டினாலும், அயல்நாட்டுக் குடியிருப்பாளர்கள் மலீஹா வழியாகச் செல்லும் சாலையைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அல் ஐன். ஜபல் ஹஃபீத் மலைக்கு அருகில் உள்ள ஸாகிர் ஏரி, நகரிலிருந்து வெளியேறும் உபரி நீரால் உருவானது. பறவைகளைக் காண்பதற்கும் மாலைப் பொழுதைக் கழிப்பதற்கும் உகந்தது. இரவு தங்க விரும்புவோர், மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகளுடன் அமைந்துள்ள பசுமை முபஸ்ஸரா பூங்காவின் விடுதிகளைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

அண்டை நாடுகளுக்குச் செல்வோர் அந்தந்த நாட்டின் விதிகளைத் தனியே அறிய வேண்டும். சான்றாக, குவைத்தில் பாலைவனக் கூடாரப் பருவம் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. அதற்கு நகராட்சியின் உரிமம் தேவை. கத்தாரிலும் குளிர்காலக் கூடாரங்களுக்கு அரசின் உரிமம் பெற வேண்டும். அமீரகத்திலும் விதிகள் எமிரேட்டுக்கு எமிரேட் வேறுபடுவன, அவ்வப்போது மாற்றப்படுவன. எனவே புறப்படும் வாரத்தில் உரிய நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். “சென்ற ஆண்டு அனுமதித்தார்கள்” என்பது இவ்வாண்டுக்கான அனுமதியாகாது. அறிவிப்புப் பலகை தடை என்று சொன்னால், ஏற்கெனவே அங்கே பத்துக் கூடாரங்கள் இருந்தாலும் அது தடைசெய்யப்பட்ட இடமே.

மழை பெய்தால்?

மலைப்பகுதியில் வாதி எனப்படும் வறண்ட ஓடைப்படுகை, சமதளமாகவும் காற்று மறைவாகவும் இருப்பதால் கூடாரத்திற்கு ஏற்றது போலத் தோன்றும். ஆனால் அதுவே வெள்ளத்தின் பாதை. கூடாரம் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழையும் இல்லாதபோதே, தொலைவில் மலை மேல் பெய்த மழை நிமிடங்களில் பெருவெள்ளமாக வந்து சேரக்கூடும். பாறைமண் நீரை உறிஞ்சாது. 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254 மில்லிமீட்டர் மழை பதிவானது. பாலைநிலத்தில் மழைக்கு அஞ்சத் தேவையில்லை என்ற எண்ணத்தை அந்நாள் பொய்யாக்கியது.

இதனைச் சட்டமும் கருத்தில் கொள்கிறது. 2023-இல் அறிவிக்கப்பட்ட கூட்டாட்சிப் போக்குவரத்து விதிகளின்படி, மழைக்காலத்தில் பள்ளத்தாக்குகள், வெள்ளம் தேங்கிய இடங்கள், அணைகள் ஆகியவற்றின் அருகே கூடுவோருக்கு 1,000 திர்ஹம் அபராதமும் 6 கரும்புள்ளிகளும் விதிக்கப்படும். வெள்ளம் பாயும் வாதிக்குள் வாகனத்தைச் செலுத்தினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளிகள், 60 நாட்கள் வாகன முடக்கம். வெள்ளத்தை வேடிக்கை பார்க்கவும், காணொளி எடுக்கவும் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேசிய வானிலை மையத்தின் முன்னறிவிப்பில் மழை எச்சரிக்கை இருப்பின் பயணத்தைத் தள்ளிப்போடுவதே தக்கது. கூடாரத்தை ஓடைப்படுகைக்கு வெளியே, மேட்டுநிலத்தில் அமைக்க வேண்டும். பாறைகளில் படிந்த பழைய நீர்க்கோடுகளும், புதர்களில் சிக்கிய குப்பைகளும் முன்பு வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும்.

கரையில் எந்த இடம்?

நீர்விளிம்பிலிருந்து சற்று விலகி இருப்பது மூன்று வகையில் நன்மை தரும்: ஈரமும் கொசுவும் குறையும், குழந்தைகள் இருளில் நீரருகே செல்வது தவிர்க்கப்படும், பறவைகள் கரைக்கு வந்துபோகத் தடை இராது. மணலில் சாதாரண முளைகள் நில்லா. நீண்ட முளைகளைப் பயன்படுத்தலாம். அல்லது பைகளில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, ஆழப் புதைக்கலாம். குளிர்காலத்தில் வீசும் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வருவது. ஆதலின் கூடார வாயிலை அத்திசைக்கு எதிராக அமைக்க வேண்டும்.

ஜனவரி இரவுகளில் பாலைநிலத்தின் வெப்பம் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. போர்வையைக் காட்டிலும் தரைக்கும் உடலுக்கும் இடையே விரிக்கும் பாய் முதன்மையானது. புதர்களை ஒட்டியும் கற்குவியல்களை ஒட்டியும் படுக்கலாகாது. காலையில் காலணிகளை உதறிவிட்டு அணிய வேண்டும். விடியற்காலையில் அடர்ந்த மூடுபனி இருந்தால், அது விலகும் வரை வண்டியை எடுக்காதிருப்பது நன்று. அபுதாபிச் சாலைகளில் மூடுபனியின்போது வேக வரம்பு 80 கிலோமீட்டராகக் குறைக்கப்படுகிறது.

நெருப்பு: உயிரைக் காக்கும் விதி

கூடாரப் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து கூடாரத்திற்குள்ளேயே இருக்கிறது. சமைத்து முடித்த பின், தணலாகக் கிடக்கும் கரியைக் குளிருக்காகக் கூடாரத்திற்குள்ளோ காருக்குள்ளோ கொண்டுசெல்லும் வழக்கம் சிலரிடம் உள்ளது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணி உறங்குபவர்கள், உறக்கத்திலேயே நினைவிழந்து உயிரிழக்கின்றனர். வளைகுடாவில் குளிர்காலத்தில் நேரும் தவிர்க்கக்கூடிய மரணங்களுள் இதுவும் ஒன்று. வாயிலைச் சிறிது திறந்து வைப்பது போதிய பாதுகாப்பன்று. கரி அடுப்பு, எரிவாயு அடுப்பு, மின்னியற்றி ஆகிய எதையும் கூடாரத்தினுள் வைக்கலாகாது. இயந்திரத்தை ஓடவிட்டபடி காரில் உறங்குவதும் கூடாது. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் வெளியேறி, 998-ஐ அழைக்க வேண்டும்.

நெருப்பை ஒதுக்கப்பட்ட தீக்குழியிலோ, தரையிலிருந்து உயர்ந்த அடுப்பிலோ மட்டுமே மூட்ட வேண்டும். கரியை மணலில் புதைப்பதால் அது அணைந்துவிடாது. பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் வெறுங்காலுடன் ஓடும் குழந்தை அதன் மேல் கால் வைக்க நேரிடும். நீரூற்றி முழுதும் அணைத்து, ஆறிய பின் பையிலிட்டு எடுத்து வர வேண்டும்.

விறகை வாங்கியே செல்ல வேண்டும். அமீரகத்தின் தேசிய மரமான காஃப், தமிழர் நன்கறிந்த வன்னி மரமேயாகும். விருத்தாசலம் கோயிலின் தலமரமாகப் போற்றப்படும் அதே மரம் இங்குச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதன் கிளையை ஒடிப்பதும், அதன் அடியில் தீ மூட்டுவதும் குற்றமாகும்.

விட்டுச் செல்லலாகாதவை

துபாயில் பொது இடத்தில் குப்பை எறிவோருக்கு 500 திர்ஹம் அபராதம் உண்டு. அபராதத்தை விடப் பெரிய காரணமும் உண்டு. துபாயில் 2008 முதல் ஆராயப்பட்ட சுமார் 30,000 ஒட்டகச் சடலங்களுள் 300-க்கும் மேற்பட்டவற்றின் வயிற்றில் நெகிழிப் பைகள் கட்டியாகத் திரண்டிருந்தன. ஒட்டகம் காற்றில் பறக்கும் பையை உணவெனக் கொள்கிறது. அதனால் வயிறு நிறைந்து, உண்ணாமல் இறக்கிறது. மீந்த சோற்றையும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இடலாகாது. கொண்டு சென்றவை அனைத்தையும் திரும்ப எடுத்து வருவதே நெறி.

புறப்படும் முன் உறுதி செய்ய வேண்டியவை

• இடம் கூடாரத்திற்கு அனுமதிக்கப்பட்டதா; முன்பதிவு தேவையா
• வானிலை முன்னறிவிப்பில் மழை, மூடுபனி, பலத்த காற்று எச்சரிக்கை உண்டா
• போதிய குடிநீர், கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள்
• உயர்ந்த அடுப்பு, வாங்கிய விறகு அல்லது கரி, அணைப்பதற்குரிய நீர், குப்பைப் பைகள்
• செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் இருக்கும் ஒருவரிடம் தெரிவித்தாயிற்றா
• அமீரக அடையாள அட்டை. முழுதும் மின்னேற்றிய கைப்பேசி

அவசர உதவி எண்கள்: காவல்துறை 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு மற்றும் குடிமைப் பாதுகாப்பு 997. அழைப்பவர் தாம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கூற வேண்டும் என்பதால், கூடாரம் அமைத்தவுடனேயே அவ்விடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.