ஏரிகளின் வெள்ளக் கணக்கில் விரிதாள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வற்றாத ஆறு என்று ஒன்றும் இல்லை. சுவர்ணமுகி, ஆரணியாறு, கொசத்தலையாறு, பாலாறு ஆகிய அனைத்தும் மழை பெய்தால் ஓடுவன; பெய்யாவிடில் மணற்பரப்பாய்க் கிடப்பன. ஆகவே இப்பகுதியின் வேளாண்மை நெடுங்காலமாக ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே நடைபெற்று வந்துள்ளது. ஓர் ஏரியின் நீர் அடுத்த ஏரிக்கும், அதன் மிகுதி அதற்கடுத்ததற்கும் செல்லுமாறு நம் முன்னோர் அமைத்த ஏரித் தொடர்கள் ஆயிரக்கணக்கான வயல்களுக்கு உயிர் ஊட்டி வருகின்றன. ஆனால் இந்த அமைப்பிலேயே ஓர் அபாயமும் உண்டு. மேலே உள்ள ஓர் ஏரியின் கரை உடைந்தால் கீழே உள்ளவை ஒவ்வொன்றாக உடையும்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வபாயம் எவ்வளவு அருகில் உள்ளது என்பது தெளிவாயிற்று. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நவம்பர் 19 அன்று கரையைக் கடந்தபோது திருப்பதி நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அதே நாளில், அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தில் செய்யேறு நதியின் குறுக்கே கட்டப்பட்டிருந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்து உயிர்கள் பலியாயின. சில நாட்களில் திருப்பதிக்கு அருகிலுள்ள இராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு காணப்பட்டது. கீழ்ப்புறத்துக் கிராமங்களின் மக்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். அக்கரை தப்பியது. எனினும், ஏரிக்கு எவ்வளவு நீர் வரும், கலங்கல் எவ்வளவை வெளியேற்றும், கரை அதைத் தாங்குமா என்ற மூன்று வினாக்களுக்கும் ஒவ்வோர் ஏரிக்கும் விடை கண்டு வைத்திருப்பது அவசியம் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. இவ்விடைகளை இன்று பெரும்பாலும் தருவது ஸ்ப்ரெட்ஷீட் எனப்படும் விரிதாளே.

கணக்கரின் தாள் பொறியாளர் கைக்கு வந்த கதை

விரிதாள் முதலில் பொறியாளருக்காக உருவாக்கப்பட்டதன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின் என்பவரும் அவருடைய நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனும் 1979இல் வெளிக்கொணர்ந்த விசிகால்க், கணக்கர்களின் பேரேட்டுத் தாளைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் ஆகியன அதைத் தொடர்ந்தன. வரிசைகளும் பத்திகளும் கொண்ட கட்டங்களில் எண்ணையோ சூத்திரத்தையோ இடலாம். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களும் தாமே மாறிக் கொள்ளும். இந்த ஒரு பண்புதான் அதன் முழு ஆற்றலும் ஆகும்.

நமது பொதுப்பணி, நீர்வள அலுவலகங்களில் விரிதாள் முதலில் நுழைந்தது மதிப்பீட்டுப் பணிக்காகவே. கருங்கல் கொண்டு வரும் தூரத்தை ஒரு கட்டத்தில் மாற்றினால், கட்டுமான வீதமும் மொத்தத் தொகையும் நொடியில் திருத்தப்பட்டு விடுகின்றன. வடிவமைப்புக் கணக்குகள் அதன் பின்னரே வந்தன. அவற்றில்தான் விரிதாளின் நன்மையும் தீமையும் தெளிவாகப் புலப்படுகின்றன.

ஒரு சூத்திரம், மூன்று விடைகள்

சென்னை மாகாணத்திற்கென 1884இல் வகுக்கப்பட்ட ரைவ்ஸ் சூத்திரம் சிறு ஏரிகளுக்கு இன்றும் கையாளப்படுகிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் அம்மாகாணத்தில் உருவானதே. மாநிலம் மாறியது, சூத்திரம் மாறவில்லை. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுரக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் 2/3 அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் வெள்ளம் வரும் என்பது கிடைக்கும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையடிவாரத்துச் சிறு பரப்புகளுக்கு 10.2.

சித்தூர் நகரத்தைப் பொறுத்தவரை ஐயமில்லை. அது இரண்டாம் பிரிவில் அடங்கும். திருப்பதியோ, கடற்கரையை எங்கிருந்து அளப்பது என்பதைப் பொறுத்து ஏறத்தாழ 80 முதல் 90 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதோடு, சேஷாசல மலையின் அடிவாரத்திலும் அமைந்துள்ளது. மூன்று கெழுக்களுக்கும் அங்கு வாதாட இடமுண்டு.

எடுத்துக்காட்டாக, 20 சதுரக் கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பும் 40 மீட்டர் நீளமுள்ள அகன்ற முகட்டுக் கலங்கலும் கொண்ட ஏரி ஒன்றைக் கொள்வோம். 20இன் 2/3 அடுக்கு 7.37. முதல் கெழுவின்படி வெள்ளம் வினாடிக்கு 50 கன மீட்டர், இரண்டாவதன்படி 62.6, மூன்றாவதன்படி 75. கலங்கலின் மேல் நீர் நிற்கும் உயரத்தை, 1.66 என்னும் கலங்கல் கெழுவைக் கொண்டு கணித்தால், முறையே 0.83, 0.96, 1.09 மீட்டர் என வரும். முதலுக்கும் கடைசிக்கும் இடையே 26 சென்டிமீட்டர். பழைய மண்கரைகளில் கலங்கல் மட்டத்திற்கும் கரையின் தலைக்கும் உள்ள இடைவெளியை நோக்க இது சிறிய அளவன்று.

மடக்கை அட்டவணையும் ஸ்லைடு ரூலும் கொண்டு கணக்கிட்ட காலத்தில், ஒரு கெழுவைத் தேர்ந்து ஒரு விடையைக் காண்பதோடு பொறியாளர் அமைந்து விடுவார். விரிதாளில் மூன்றையும் அடுத்தடுத்த பத்திகளில் ஒரே சமயத்தில் காணலாம். ஐம்பது ஏரிகளுக்கு வரிசை வரிசையாய் நீட்டலாம். ஆயினும், கெழு ஒரு கட்டத்தில் ஓசையின்றி அமர்ந்து விடுவதால், அது யாருடைய தீர்ப்பு என்பது மறந்து போகவும் கூடும். முன்னவர் செய்த கோப்பை நகலெடுத்து, பரப்பை மட்டும் மாற்றி, கெழுவைப் பாராமல் விடுவது அலுவலகங்களில் அரிய நிகழ்ச்சி என்று சொல்வதற்கில்லை.

தேடிக் காணும் விடை

கலங்கலைத் தாண்டிய நீர் வடிகாலில் எவ்வளவு ஆழமாக ஓடும் என்ற வினா சற்றுக் கடினமானது. மானிங் சூத்திரம் ஆழத்தைத் தந்தால் நீரின் அளவைச் சொல்லும். அளவைத் தந்தால் ஆழத்தை நேரே சொல்லாது. ஊகித்துப் பார்த்துத் திருத்துவதே வழி. அடியில் 15 மீட்டர் அகலமும், ஒன்றுக்கு ஒன்று என்ற பக்கச் சரிவும், ஆயிரத்தில் ஒன்று என்ற வாட்டமும் உள்ள மண் வாய்க்காலில், சொரசொரப்புக் கெழு 0.03 எனில், 2 மீட்டர் ஆழத்திற்கு வினாடிக்கு 50 கன மீட்டர் ஓடும், 2.3 மீட்டருக்கு 63. விரிதாளில் உள்ள இலக்குத் தேடும் வசதியிடம் 62.6 வேண்டும் என்று கூறினால், அது ஆழத்தைத் தானே மாற்றிப் பார்த்து 2.29 மீட்டர் என்று அறிவிக்கும்.

இனி, அவ்வாய்க்காலில் சீமைக் கருவேலும் நாணலும் மண்டியிருப்பதாகக் கொண்டு சொரசொரப்புக் கெழுவை 0.045 ஆக்கினால், அதே நீர் செல்ல ஏறத்தாழ 2.9 மீட்டர் ஆழம் தேவைப்படும். அதாவது 60 சென்டிமீட்டர் கூடுதல். வாய்க்காலைத் துப்புரவு செய்ய நிதி கேட்கும் பொறியாளருக்கு இதைவிடச் சிறந்த வாதம் வேறு தேவையில்லை. கணக்கின் பயன் கட்டுமானத்தில் மட்டுமன்று, பராமரிப்பிலும் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

வரிசைகளே ஆணைத்தொடர்

வெள்ளம் ஏரிக்குள் வந்தவுடன் வெளியேறி விடுவதில்லை. ஏரி ஒரு பகுதியைத் தன்னுள் தாங்கிக் கொண்டு, மெல்ல விடுகிறது. பதினைந்து நிமிடத்திற்கு ஒரு வரிசை என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளுக்கு 96 வரிசைகள். வினாடிக்கு 60 கன மீட்டர் வந்து 40 வெளியேறினால், 900 வினாடியில் 18,000 கன மீட்டர் தங்கும். நீர்ப்பரப்பு ஒரு சதுரக் கிலோமீட்டரானால் மட்டம் 1.8 சென்டிமீட்டர் உயரும். உயர்ந்த மட்டத்தைக் கொண்டு அடுத்த வரிசையில் புதிய வெளியேற்றம் காணப்படுகிறது. முதல் வரிசையில் சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்து விட்டால் போதும். ஃபோர்ட்ரான் அறிந்தவர் சுழற்சி என்று எழுதுவதை, இவர் இழுத்தல் என்கிறார், அவ்வளவே வேற்றுமை. புரோகிராம் எழுதுவதாக அறியாமலே பல்லாயிரம் பேர் அதைச் செய்து கொண்டிருக்கின்றனர்.

விரிதாளை உண்மையான கணிப்பொறி மொழியாகக் கருத வேண்டும் என்று அறிஞர் சிலர் நெடுநாளாகக் கூறி வந்தனர். சைமன் பெய்டன் ஜோன்ஸ், ஆலன் பிளாக்வெல், மார்கரெட் பர்னெட் ஆகியோர் 2003இல், பயன்படுத்துவோர் தம் சொந்தச் சார்புகளை விரிதாளிலேயே வகுத்துக் கொள்ளும் முறையை முன்மொழிந்தனர். 2020 டிசம்பரில் எக்செல்லில் அறிவிக்கப்பட்ட லாம்ப்டா என்னும் வசதி அதை நிறைவேற்றியது. ரைவ்ஸ் சூத்திரத்தை ஒருமுறை பெயரிட்டு எழுதி வைத்தால், ஒவ்வோர் ஏரிக்கும் அப்பெயரையே அழைக்கலாம். பிழை இருப்பின் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

மறைந்திருக்கும் பிழைகள்

2/3 அடுக்கு என்பதை அடைப்புக்குறியின்றி 20^2/3 என எழுதினால், கணிப்பொறி இருபதின் வர்க்கத்தை மூன்றால் வகுத்து 133 என்று தரும். வெள்ளம் வினாடிக்கு 1,133 கன மீட்டர் என வரும்போது எவரும் பிழையை உணர்வர். ஆனால் நீர்ப்பிடிப்பு 2 சதுரக் கிலோமீட்டராக இருந்தால் சரியான விடை 13.5, பிழையான விடை 11.3. இரண்டும் நம்பத்தக்கனவாகவே தோன்றும். பிழையோ ஆபத்தான பக்கத்தில் அமைந்துள்ளது. பரப்பு 2.28 ஆனால் இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஓர் ஏரியைக் கொண்டு தாளைச் சரிபார்த்தவர் ஏமாந்து போவார். மேலும், எக்செல்லில் -2^2 என்பது 4; ஃபோர்ட்ரானில் அது -4.

பெரிய இடங்களிலும் இவ்வாறு நேர்ந்துள்ளது. அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் இரு பொருளியலறிஞர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது 2013இல் தெரிய வந்தது. பிரிட்டனில் 2020இல், பழைய வகைக் கோப்பு 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காததால் 15,841 கோவிட் நோயாளிகளின் விவரம் சில நாட்கள் விடுபட்டது.

சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டி வைப்பது, கெழுக்களைத் தனியிடத்தில் நிறமிட்டுக் காட்டுவது, கையால் கணக்கிட்ட இரண்டு மூன்று ஏரிகளைக் கொண்டு சோதிப்பது, கெழுவை மாற்றியவர் பெயரையும் நாளையும் அருகிலேயே எழுதுவது ஆகியன செலவற்ற காப்புகள். லிபர் ஆஃபிஸ் போன்ற விலையில்லா விரிதாள்கள் கிடைப்பதால் மென்பொருளின் விலையும் இனித் தடையன்று. பிச்சாட்டூரில் ஆரணியாற்று நீர்த்தேக்கமும், கொசத்தலையாற்றில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கமும் திறந்து விடும் நீர் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தை வந்தடைவதால், இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே அமைப்பிலான தாளைக் கையாள்வது பயனுடையது.

எனினும் தாளுக்குள் இடவேண்டிய எண் ஒன்று எந்த மென்பொருளிலும் இல்லை. அஃது ஏரியின் கொள்ளளவு. பல ஏரிகளுக்குக் கையில் உள்ளது வண்டல் படிவதற்கு முன் எடுத்த அளவே. புதிய அளவு வேண்டுமாயின், கோடையில் ஏரி வறண்டு கிடக்கும் சில வாரங்களில் மட்டக் கருவியுடன் அதனுள் இறங்கித்தான் எடுத்து வர வேண்டியுள்ளது.