எந்தக் காகிதம் எங்கே?

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்குக் காகிதங்கள் அதிகம். சொந்த ஊரில் பட்டாவும் பத்திரமும். இங்கே ஃபிளாட் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழ்களும். இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிறோம். போடுவது எளிது, எடுப்பதுதான் கடினம். போட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, வீட்டிலுள்ளவர்கள் தேட நேர்ந்தால் என்ன ஆகும்?

இதற்கு வழி, ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ரயில்வேயில் ஒரு பாலத்தின் வரைபடம் வேண்டுமென்றால் முதலில் டிவிஷன், அடுத்து செக்‌ஷன், பிறகு பாலத்தின் எண் என்று தேடிப் போவோம். வரைந்தவர் ஓய்வு பெற்றுவிட்டாலும் அடுத்தவர் கைக்கு அது கிடைக்கும். கம்ப்யூட்டரிலும் இதே முறைதான். 1983இல் வந்த எம்.எஸ். டாஸ் 2.0 முதலே இந்த வசதி உண்டு. அன்று பெயருக்கு 8 எழுத்துதான் இடம். இன்று தமிழிலேயே விளக்கமாகப் பெயர் வைக்கலாம்.

செய்முறை இதுதான். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே செல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 'என்' எழுத்தைத் தட்டினால் புது ஃபோல்டர் வரும். 'குடும்பம்' என்று பெயரிட்டு என்டர் தட்டுங்கள். இன்னொரு முறை என்டர் தட்டினால் அதனுள் போய்விடலாம். அங்கே இதே போல 'பென்ஷன்', 'சொத்து', 'மருத்துவம்', 'படிப்பு' என்று அமையுங்கள். 'சொத்து'க்குள் 'ஊர் வீடு', 'இங்குள்ள ஃபிளாட்' என இரண்டு. பெயரை மாற்ற எஃப்2.

கவனிக்க வேண்டியவை சில:

1. மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் தேடுபவர் வழி தவறுவார்.

2. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-11-05 என எழுதுங்கள். நவம்பர் தோறும் கொடுக்கும் ஆயுள் சான்றிதழ்கள் தாமே வரிசையில் நிற்கும். சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது.

3. 'இதர' என்று ஒன்று வைக்காதீர்கள். நாளடைவில் எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும்.

4. வீட்டில் வழங்கும் சொல்லையே பெயராக வையுங்கள். 'பி.பி.ஓ.' என்றால் நமக்குப் புரியும். மற்றவர்களுக்கு 'அப்பா பென்ஷன் ஆர்டர்' என்றால்தான் புரியும். குடும்ப பென்ஷன் கேட்கப் போகும்போது அவசியம் தேவைப்படுவது அந்த ஆர்டர்தான்.

5. 'குடும்பம்' ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி செய்தால் உள்ளே இருப்பவை அனைத்தும் கூடவே வந்துவிடும். அசல் காகிதங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. வீட்டில் வேறொருவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, "ஊர் வீட்டுப் பத்திரத்தை எடு" என்று சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டால் உங்கள் அமைப்பு சரி. இல்லையென்றால் அவர் எங்கே போய்த் தேடினாரோ, அங்கேயே அதை மாற்றி வையுங்கள்.